முறுக்கு டப்பாவில் பதினோரு போன்கள்

போன மாதம் தேனி அலுவலகத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு ஒரு வேடிக்கை காட்டினார்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆன பிறகு நானாகத்தான் நின்றுகொண்டேன். ஆனாலும் புதிதாக ஒன்றைப் பார்க்க வாருங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் வீட்டில் கால் தரிக்காது. அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன்.

சிந்து என்ற பெண் கம்ப்யூட்டரிடம் தமிழிலேயே கேட்டாள். நாற்றுப் பண்ணைக்கு ஒரு இணையதளம் வேண்டும், கம்ப்யூட்டர், டேப்லெட், போன் எல்லாவற்றிலும் சரியாகத் தெரிய வேண்டும் என்று. சூடான டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்தான். முழுப் பக்கமும் வந்து நின்றது. ஜன்னலை இழுத்துச் சுருக்கினாள். பக்கமும் கூடவே சுருங்கி அழகாக அடங்கியது. எனக்கு ஆறு நாள் பிடித்த வேலை அது. நான் கை தட்டிவிட்டேன்.

"இனிமே எங்களுக்கே வேலை இருக்குமான்னு தெரியலண்ணே" என்றாள் சிந்து.

"அது கெடக்கட்டும். டப்பா எங்கத்தா?"

"எந்த டப்பா?"

எங்கள் முதலாளி மேடம் மதுரையில் மகளோடு இருக்கப் போனபோது டப்பாவும் எங்கோ போய்விட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. டப்பா கதையைச் சொன்னேன். அதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனேன். ஏலக்காய் பறித்தேன். அங்கே அட்டைக்கடி பொறுக்காமல் திருப்பூர் போய் பனியனுக்கு அச்சடித்தேன். பெங்களூரில் ஒரு ஹோட்டலில் மேசை துடைத்தேன். அதன் மாடியில் டிடிபி கடை இருந்தது. அதைப் பெருக்கி வைத்ததற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரைத் தொட விட்டார்கள். அப்படித்தான் தட்டச்சும் எழுத்துரு விவகாரமும் கைக்கு வந்தன. இடையில் சாப்பிடாத நாட்களும் மஞ்சள் காமாலையில் கிடந்த நாட்களும் உண்டு. எல்லோருக்கும் இருப்பதுதான், விரித்து எழுத ஒன்றுமில்லை. ஊர் திரும்பியபோது சுவர் விளம்பரத்துக்கு ஆள் தேடினார்கள். தேனி முதல் குமுளி ரோடு வரை சிமெண்ட், உரம், நகைக்கடை என்று எழுதினேன்.

அப்படி ஒருநாள் தேனியில் பரமேஸ்வரி என்பவரின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போர்டு எழுதப் போனேன். என்னைவிட எட்டு வயது சின்னவர். பன்னிரண்டு வரி எழுதின தாளை நீட்டினார்.

"மூணு வார்த்தைக்கு மேல எழுதினா யாரும் படிக்க மாட்டாகம்மா" என்றேன்.

"ஏண்ணே?"

"பஸ்ல போறவுக பாக்குற நேரம் அம்புட்டுத்தான்."

"பஸ்ஸு நின்னா?"

"நின்னா எறங்குற அவசரம். போர்டை எங்கிட்டுப் பாக்குறது."

அவர் தாளை வாங்கி ஒன்பது வரியை அடித்தார். பிறகு, "இங்கன கம்ப்யூட்டர்ல கடைகளுக்கு நெட்டுப் பக்கம் எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். வாரீகளா?" என்று கேட்டார். பெயிண்ட் டப்பாவை அன்றைக்கே மூடினேன். ஒரே வேலையில் நான் பதினைந்து வருடம் இருந்தேன் என்றால் அது அந்த ஒரு இடத்தில்தான். என் அக்காவே நம்பவில்லை.

மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ராசண்ணே என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் செய்து முடித்த பக்கத்தைப் போனில் திறந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் போனை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பிடிக்கவில்லை என்றால் போனைக் கவிழ்த்து வைப்பார். முகம் கீழே, முதுகு மேலே. வைத்துவிட்டு, "ஒரு டீ சொல்லுங்க ராசண்ணே" என்பார். டீ அவருக்கில்லை, எனக்கு. குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அர்த்தம். முதல் வருடத்தில் நான் குடித்த டீக்குக் கணக்கில்லை.

அவரிடம் ஒரு பெரிய தகர முறுக்கு டப்பா இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களுடைய போன்கள் அதில் இருந்தன. மொத்தம் பதினொன்று. ஒன்றின் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி வெடித்திருக்கும். ஒன்றில் திரையின் அடிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் செத்துப்போனது, தொட்டால் கேட்காது. ஒன்று மூன்று விரல் அகலம்தான் இருக்கும். இன்னொன்று வெளிச்சம் கூட்டினாலும் மங்கலாகவே எரியும். எந்தக் கடைக்கு எந்தப் பக்கம் செய்தாலும் பதினொன்றிலும் திறந்து பார்க்காமல் வெளியே விடக் கூடாது. திறப்பது மேசையில் உட்கார்ந்து அல்ல. நடுத்தெருவில் வெயிலில் நின்று திறக்க வேண்டும். கட்டை விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஒருமுறை. வலது கையில் காய்கறிப் பை, இடது கையில் போன் என்று ஒருமுறை.

கடைசியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் அவருடைய போனிலேயே திறக்கச் சொல்லி, "இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்குதுன்னு பாத்துச் சொல்றீகளா" என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது. மேடம் சொல்லி அனுப்புவார்: "வாயத் தொறக்காதீகண்ணே. அவுக வெரல மட்டும் பாருங்க. வெரல் எங்கன தடுமாறுதோ அங்கனதான் நீங்க தப்புப் பண்ணிருக்கீக."

எனக்கு அந்த வேலை அத்தனை பிடித்திருந்தது. சுவரில் எழுதினால் எழுதினதோடு சரி. இது அப்படி இல்லை. ஒரே பக்கம் கம்ப்யூட்டரில் அகலமாக விரியும், போனில் ஒல்லியாகி நிற்கும். கொட்டாங்கச்சியில் ஊற்றினாலும் குடத்தில் ஊற்றினாலும் தண்ணீர் அடங்குவது போல. முதல் தடவை அதைச் செய்து பார்த்த அன்று சாப்பாட்டுக்குப் போகாமல் ஜன்னலை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டே இருந்தேன்.

குமுளி பக்கம் ஜீப் சுற்றுலா நடத்தும் ஒருவருக்கு முதல் பக்கத்தில் மலை, யானை, அருவி எல்லாம் ஓடும் வீடியோ வேண்டும் என்று செய்து கொடுத்தேன். அலுவலகத்தில் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மேடம் என்னைக் கம்பம் மெட்டு மலைப்பாதைக்கு அனுப்பினார். நாலாவது வளைவில் சிக்னல் ஒரு கோடுதான். அங்கே வண்டியை நிறுத்தியிருந்த ஒரு மலையாளி டிரைவரிடம் திறக்கச் சொன்னேன். அவர் பீடி பற்ற வைத்து முழுதாகக் குடித்து முடித்தார். திரை வெள்ளையாகவே இருந்தது. "சேட்டா, ஒண்ணும் வருந்நில்லா" என்று போனை என்னிடமே காட்டினார். திரும்பி வந்து வீடியோவை எடுத்துவிட்டு ஜீப் வாடகையும் போன் நம்பரும் முதலில் வரும்படி வைத்தேன். சுற்றுலாவுக்கு வருகிறவர் ஜீப்பைத் தேடுவது அந்த வளைவில் நின்றுதானே.

இவ்வளவு தெரிந்த பிறகுதான் நான் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன்.

பொட்டிப்புரம் போகிற வழியில் குருவம்மா என்பவர் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். நிழல்வலைப் பந்தலுக்குள் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைக் குழித்தட்டுகளில் வளர்த்துக் கொடுப்பார். விவசாயிகள் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அவர் விதை போட்டு, இருபத்தைந்து நாள் கழித்து இந்தத் தேதிக்கு வாருங்கள் என்பார். அவர் கை எப்போதும் தென்னை நார்க்கழிவுச் சேற்றில் இருக்கும், போனை எடுக்க முடியாது. அதற்காக இணையதளம் கேட்டு வந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு தட்டுதான் விதை போட முடியும் என்பதால், பதிவு செய்கிறவர்களுக்கு வரிசையாக ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அந்த நாளில் வந்தால்தான் நாற்று சரியாக இருக்கும். முன்னால் வந்தால் இளசு, வேர் பிடித்திருக்காது. பின்னால் வந்தால் நெட்டையாகி நட உதவாது.

மேடம் வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்க விரதம் இருந்தார். அந்த எட்டு நாளும் கடைக்கு வரவில்லை. எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று பெரிய மானிட்டரில் உட்கார்ந்தேன். பெயர், பயிர், ரகம், எத்தனை தட்டு, எடுக்கும் நாள் என்று ஐந்து கட்டம் போட்டு அழகான பட்டியல். பதிவு செய்ததும் அந்தப் பட்டியல் அவர்கள் போனுக்குப் போகும். மானிட்டரிலேயே ஜன்னலைச் சுருக்கிப் பார்த்தேன். அடியில் நகர்த்தும் பட்டை தெரிந்தது. நகர்த்தினால் கடைசிக் கட்டம் வந்தது. சரி என்று வெளியே விட்டேன். டப்பாவைத் திறக்கவில்லை. திருவிழா முடிந்து மேடம் வந்து கேட்டபோது, "எல்லாம் பாத்தாச்சு மேடம்" என்றேன்.

நாற்பத்து மூன்று பேர் பதிவு செய்தார்கள். குருவம்மாவுக்குப் பெருமை. "இனிமே எனக்குப் போன் பண்ண வேணாம், எல்லாம் நெட்டுலயே வந்துரும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் அலுவலகத்தில் வந்து நின்றார். கையில் சேறு காய்ந்திருந்தது.

"ராசண்ணே, நேத்துல இருந்து ஏழு பேரு போன் அடிச்சுட்டாக. வர்ற புதங்கெழமை வண்டி கொண்டாறோம்னு சொல்றாக. ஏழு பேருக்கும் நாளு வேற வேற. எல்லாரும் எப்படிண்ணே ஒரே நாளைச் சொல்வாக?"

தன் போனை மேடத்திடம் கொடுத்தார். மேடம் பட்டியலைத் திறந்தார். பெயர், பயிர், ரகம், தட்டு. அதோடு திரை முடிந்திருந்தது. எடுக்கும் நாள் என்ற ஐந்தாவது கட்டம் திரைக்கு வெளியே இருந்தது. விரலால் பக்கவாட்டில் தள்ளினால் வரும். ஆனால் தள்ள வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? மானிட்டரில் தெரிந்த நகர்த்தும் பட்டை போனில் தெரியவே தெரியாது.

மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். டீ சொல்லவில்லை. எழுந்து போய் முறுக்கு டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பதினொன்றில் ஒன்பதில் நாள் தெரியவில்லை.

"அதுசரி, நாளு தெரியாட்டி கேக்கத்தானே செய்வாக? எல்லாரும் புதங்கெழமைக்கு எப்படி வந்தாக?" என்று மேடம் கேட்டார்.

குருவம்மா சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார். "இந்தா பாருங்க. தேய்பிறைல யாரும் நட மாட்டாக. அது முடிஞ்சு வர்ற மொத மேல்நோக்கு நாளு புதன்."

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் மேலே வளர்கிற பயிர், மேல்நோக்கு நாளில் நட வேண்டும். பக்கத்தில் நாள் இல்லை என்றதும் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு நாள்காட்டியைப் பார்த்து, பேசி வைத்த மாதிரி ஒரே புதன்கிழமையைப் பிடித்துவிட்டார்கள். அந்தப் புதனுக்குத் தயாராக இருந்தது ஒன்பது பேருடைய நாற்றுதான். மற்ற முப்பத்து நான்கு பேரும் வண்டியோடு வந்து, நடவுக்கு ஆள் சொல்லிவைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினால் குருவம்மா பண்ணையை மூட வேண்டியதுதான். தேனிப் பக்கம் ஒருவர் கைவிட்டால் நாலு ஊருக்குப் பேச்சு போய்விடும்.

"ஆறு நாள் இருக்கு" என்றார் மேடம். "மொதல்ல பக்கத்தச் சரி பண்ணுங்க."

பட்டியலையே தூக்கிப் போட்டேன். திரையில் ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையின் தலையில் பெரிய எழுத்தில் தேதியும் கிழமையும், வெயிலில் தெரிகிற மாதிரி வெள்ளையில் கறுப்பு. கீழே பயிர், ரகம், தட்டு, நாற்றைப் பற்றி நாலு வரி. கட்டை விரல் படுகிற இடத்தில் குருவம்மாவைக் கூப்பிடும் பொத்தான். மத்தியானத்துக்குள் பதினோரு போனிலும் சரியாக வந்து நின்றது. குருவம்மா உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட ஆரம்பித்தார். முப்பது பேர் எடுத்தார்கள். புது அட்டையைத் திறந்து தேதியை வாசித்துக் காட்டும்வரை அவர் போனை வைக்கவில்லை. மிச்சம் பதின்மூன்று பேர் காட்டில் இருந்தார்கள், எடுக்கவில்லை.

"நேர்ல போங்கண்ணே" என்றார் மேடம். "நீங்க தேதியச் சொல்லாதீக. அவுக போன்ல அவுகளே பாத்துச் சொல்லணும்."

டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மூன்று நாள்தான் என் வேலைக் காலத்திலேயே நான் அதிகம் கற்ற நாட்கள். ஒருவர் போனைச் சட்டைக்குள் நிழலுக்கு வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பெரியவர், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்கு வருகிறவர், எழுத்தைக் கடைசி அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார். என் அட்டையில் தேதி பாதி வெட்டுப்பட்டு நின்றது. வரப்பிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து சரி செய்தேன். "கம்ப்யூட்டரு தூக்கிக்கிட்டுக் காட்டுக்கு வந்த மொத ஆளு நீருதான்யா" என்று சிரித்தார். வண்டியில் ஏறும்போது எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது.

கடைசி ஆள் ஜெயமங்கலம் பெருமாள். டிராக்டரில் இருந்தார், இஞ்சினை நிறுத்தவில்லை. பன்னிரண்டு பேரைச் சரி பண்ணின மிதப்பில் நான் மேடத்தின் விதியை மறந்தேன். புது அட்டை, பெரிய எழுத்து, பொத்தான் என்று அவரிடம் பேசிக்கொண்டே போனேன். தலையாட்டினார். "நாளு போனுக்குள்ள இருக்குய்யா, பாத்துக்கிறேன்" என்றார். அவர் விரலை நான் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை விடியலில் மேடமும் நானும் பண்ணை வாசலில் நின்றோம். வர வேண்டிய ஒன்பது பேரும் வந்துகொண்டிருந்தார்கள். வரக் கூடாதவர் யாரும் வரவில்லை. குருவம்மா ஒவ்வொரு வண்டிக்கும் தட்டு எடுத்துக் கொடுக்கும்போது என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். எட்டு மணிக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பெருமாள் இறங்கினார். அவருடைய நாள் அடுத்த திங்கள்.

"உங்களுக்குத் திங்கக்கெழமைங்கய்யா" என்றார் குருவம்மா.

"யாரு சொன்னா? இந்தா பாரு ஆத்தா." போனை நீட்டினார். என் பக்கமே இல்லை அது. பதிவு செய்த அன்றைக்கே பழைய பட்டியலைத் திரையோடு படம் பிடித்து வைத்திருந்தார். காட்டில் சிக்னல் இருக்காது என்பதால் எதையும் அப்படித்தான் வைத்துக்கொள்வாராம். நாள் இல்லாத அந்தப் படம். அதைப் பார்த்துவிட்டு அவரும் நாள்காட்டியைத்தான் பிடித்திருக்கிறார். நான் எத்தனை திருத்தினாலும் அது மாறாது.

"பன்னெண்டு பொம்பளையாளுக வரப்புல ஒக்காந்துருக்காக. நான் போயி அவுககிட்ட என்னத்தச் சொல்ல? கம்ப்யூட்டர்க்காரன் தப்பாப் போட்டுட்டான்னா?"

"அப்படித்தான் சொல்லணும்ய்யா. தப்பு என்னுதுதான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குருவம்மா போனைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். அதே ரகம், கிட்டத்தட்ட அதே அளவு தட்டு, இன்றைய நாள் என்று தேடினார். ஓரிடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து, வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டார்.

"வீராயக்கா, ஒங்க மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னு சொன்னீகள்ல. சரியாயிருச்சா?"

"எங்க. காயில் கட்டக் குடுத்துருக்கு. தண்ணியில்லாம எங்கிட்டு நட? நாத்து முத்திரும்னுதான் எடுக்க வந்தேன்."

"இவுகளுக்கு இன்னைக்குக் குடுத்துருவமா? திங்கக்கெழமை இவுக நாத்தை நீங்க எடுத்துக்கங்க."

வீராயி பெருமாளைப் பார்த்தார். "மீசைக்காரவுகளுக்கு எம்புட்டு அவசரமோ. எடுத்துட்டுப் போகட்டும்."

பெருமாளின் வண்டியில் தட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு காலித் தட்டடுக்கின்மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அட்டையிலிருந்து நாற்றைப் பற்றின நாலு வரியை நீக்கினேன். மேலே இருந்த பண்ணைப் படத்தையும் நீக்கினேன். தேதி, கிழமை, தட்டு, கூப்பிடும் நம்பர் நான்கும், மிகச் சின்னத் திரையிலும் தள்ளாமல் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும். படம் பிடித்தால் படத்துக்குள் எல்லாம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோவது என் பக்கத்தை அல்ல, அந்த ஒரு படத்தை. அடியில் 'நாள் மாற்றிக்கொள்ள' என்று ஒரு பொத்தானும் வைத்தேன். குருவம்மாவும் வீராயியும் என் கண்முன்னால் செய்ததைத்தான் அது செய்யும்.

முடித்ததும் பெருமாளிடம் போனேன். "ஒங்க போன்ல தொறந்து பாருங்கய்யா" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. விரலை மட்டும் பார்த்தேன். திறந்தார். இன்றைய தேதியோடு அட்டை வந்தது. விரல் எங்கும் போகவில்லை. இரண்டு பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, பழக்கப்படி ஒரு படம் பிடித்தார். படத்தைத் திறந்து கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"இதுல எல்லாம் உள்ள இருக்கு" என்றார்.

மேடம் கை நீட்டி அந்தப் போனை வாங்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு போனை நாற்றுத் தட்டின் விளிம்பில், திரை மேலே தெரிய வைத்துவிட்டு, குருவம்மாவோடு அடுத்த வண்டிக்குத் தட்டு எடுக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு யாரும் டீ சொல்லவில்லை. பொட்டிப்புரம் ரோடு பிரிகிற விலக்கு வரை வண்டியை ஓட்டிப் போய் நானே வாங்கிக் குடித்தேன்.